இறந்தவர் நீங்கள்தான்

செத்தவரை அடையாளம் காட்டும் வேலையைச் சொந்தக்காரர்களிடமிருந்து பிடுங்கிக் கணினியிடம் கொடுத்தபோது அரசாங்கம் சொன்ன காரணம் ஒன்றுதான்: சொந்தக்காரர்கள் அழுகிறார்கள். அழுகிற கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. சரியாகத் தெரியாத கண்ணின் சாட்சி செல்லாது. ஆகவே மரபணு அடையாள நிலையத்தின் வாசலில், 'கண்ணீர் ஆதாரம் ஆகாது' என்று ஆளுயரப் பலகை ஒன்றை நட்டு வைத்திருந்தார்கள். பலகைக்கு அடியில் ஒரு குடிநீர்க் குழாய். அதில் தண்ணீர் வந்ததாக யாரும் சொன்னதில்லை.

சாயப் பட்டறையில் கொதிகலன் வெடித்துச் செத்தவர்களின் வீட்டார் அத்தனை பேரும் அந்தப் பலகையைத் தாண்டித்தான் உள்ளே போனார்கள். ஒவ்வொருவராக வாயைத் திறந்து எச்சில் கொடுத்தார்கள். ஒவ்வொரு உடலாக வெளியே போயிற்று. கடைசியில் ஒரு உடல் மிஞ்சியது. பட்டறையின் ஆள் கணக்கிலும் ஒருவன் மிஞ்சினான். கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுகிறவன். வீட்டில் அவனைப் பெரியவன் என்பார்கள்.

அவன் பெண்டாட்டி பிணவறைக்குள் போய்ப் பார்த்தாள். முகம் இல்லை. காலைப் பார்த்தாள். வெளியே வந்து பதிவு மேசைக்காரரிடம் சொன்னாள்.

"எங்க வீட்டுக்காரர்தாங்க. இடது கால் கட்டைவிரல்ல நகம் கிடையாது. கரி வண்டி ஏறிப் போயிடுச்சு. நீங்களே வந்து பாருங்க."

"நகம் இல்லாதவங்க ஊர்ல எத்தனையோ பேர் இருக்காங்கம்மா."

"செத்தவங்கள்ல எல்லாரையும் கொண்டுபோயிட்டாங்க. இவர் ஒருத்தர்தான் இருக்கார். காணாமப் போனதும் இவர் ஒருத்தர்தான். அப்ப வேற யாருங்க இது?"

மேசைக்காரர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "நீங்க சொல்றது கழித்தல் கணக்கு. கழித்தல் எங்க முறையில கிடையாது. ரத்த சொந்தம் யாராவது வந்து மாதிரி கொடுக்கணும்."

"நான் பொண்டாட்டிங்க."

"அதான் சொல்றேன். மரபணுப்படி நீங்க அந்நியர்."

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. பெரியவனின் அப்பா அம்மா எப்போதோ போய்விட்டார்கள். மிச்சம் இருந்த ரத்தம் தம்பி ஒருவன்தான். சிமெண்ட் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். சின்னவன். இருவரும் ஒரே வயிற்றில் ஒன்றாகக் கிடந்தவர்கள். பெரியவன் கொஞ்சம் முந்தி வெளியே வந்துவிட்டதால் சின்னவன் ஆயுசுக்கும் அவனை அண்ணன் என்று கூப்பிட வேண்டியதாயிற்று. அச்சில் வார்த்த மாதிரி இருப்பார்கள். ஒருவன் வாங்க வேண்டிய திட்டை இன்னொருவன் வாங்கிக்கொண்டு வந்த நாட்கள் உண்டு. அண்ணன் முகத்தில் கரி, தம்பி முகத்தில் சிமெண்ட். அதை வைத்துத்தான் தெருவில் ஆளைப் பிரித்தார்கள். இருவரும் குளித்துவிட்டால் தெருவுக்கே குழப்பம்.

பிணவறையைப் பார்த்துக்கொண்டவர் ஐஸ்காரர். பிணவறையில் இருந்த குளிர்சாதனத்தைக் கழற்றி மாடியில் கணினி அறைக்குக் கொண்டுபோய்விட்டதால், மீன் சந்தையிலிருந்து பாளம் பாளமாக ஐஸ் வாங்கி வந்து அடுக்குகிற வேலை அவருக்கு. அதனால் அந்தப் பெயர்.

"கம்ப்யூட்டருக்குச் சூடு ஆகாதாம்" என்றார் அவர் சின்னவனிடம். "பொணத்துக்கு ஆகுமாம். அந்த ஆளு வெந்துதான் வந்தாரு, அவரு என்னைக்குப் புகார் சொல்லப்போறாரு. ஆனா தம்பி, ஞாயித்துக்கிழமைக்கு மேல நான் என்ன ஐஸ் வெச்சாலும் தாங்காது. யாரும் வாங்கலைன்னா அநாதைன்னு எழுதி ஆஸ்பத்திரி உலையில போட்டுருவாங்க."

கூட வந்திருந்த அண்ணி அதைக் கேட்டாள். "நெருப்புல செத்தவரை மறுபடியும் நெருப்புல போடுவாங்களா?" என்றாள். "மண்ணுல வெச்சிடுங்கப்பா. எனக்கு வேற எதுவும் வேணாம்."

"ஞாயிறு எதுக்கு அண்ணி" என்றான் சின்னவன். "நாளைக்கே வாங்கிடலாம். எச்சில் குடுக்கறதுக்கு என்ன பெரிய படிப்பா வேணும்?"

மறுநாள் எச்சில் கொடுத்தான். பஞ்சுக்குச்சியோடு வந்தவர் தலை முதல் கால் வரை வெள்ளை உறைக்குள் இருந்தார். கண் மட்டும் தெரிந்தது.

"வாயைத் திற. சிமெண்ட் வாசம் அடிக்குதே."

"மூட்டை தூக்கறேங்க."

"காலையில வாய் கொப்பளிச்சியா?"

"அண்ணன் செத்ததுலேருந்து பச்சைத் தண்ணி கூட உள்ள இறங்கலைங்க. நாங்க ரெண்டு பேரும் சின்னதுலேருந்து..."

"நிறுத்து, நிறுத்து. அதெல்லாம் என்கிட்ட சொல்லாத. எனக்குக் கண்ணு கலங்கினா மாதிரி கெட்டுப்போயிடும். அப்புறம் என்மேல நடவடிக்கை எடுப்பாங்க."

குச்சி ஒரு குழாய்க்குள் போயிற்று, குழாய் ஒரு பெட்டிக்குள் போயிற்று, பெட்டி சுவரில் இருந்த ஒரு சந்துக்குள் தானாகவே நகர்ந்து மறைந்தது. அதற்குப் பிறகு மனிதக் கை படாது என்று சுவரில் எழுதியிருந்தது. கை மட்டுமில்லை, மூளையும் படாது என்பதைச் சின்னவன் பிறகு தெரிந்துகொண்டான்.

கூடத்தில் காத்திருந்தபோது திடீரென்று மணி அடித்தது. மேலே ஒரு பச்சை விளக்கு எரிந்தது. மேசைகளில் இருந்த எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பெருக்கிக்கொண்டிருந்த பெண் துடைப்பத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு தட்டினாள். உயர்ந்த பொருத்தம் வந்தால் பணியாளர் அனைவரும் கைதட்ட வேண்டும் என்று சுற்றறிக்கை இருந்தது. மற்ற குடும்பங்களுக்கு இரண்டொரு தட்டோடு நின்றுவிடும். இந்தமுறை நிற்கவே இல்லை. யாருக்கோ நல்லது நடந்திருக்கிறது என்று சின்னவனும் மரியாதைக்குத் தட்டினான்.

கவுண்டரில் இருந்த பெண் அவனைக் கூப்பிட்டாள். வெயில் காலத்தில் கம்பளிச் சட்டை போட்டிருந்தாள். கணினிக்காகப் போட்ட குளிர் அங்கேயும் கசிந்து வந்தது.

"வாழ்த்துகள் சார். இப்படி ஒரு பொருத்தம் இங்க வந்ததே இல்ல."

"ரொம்ப நல்லதும்மா. அண்ணன்தானே?"

"அண்ணனா?" திரையைப் பார்த்தாள். "இல்லையே. அண்ணன் தம்பின்னா பாதி ஒத்துப்போகும், அங்க இங்க கூடக் குறைய இருக்கும். உங்களுக்கு முழுசா வந்திருக்கு."

"முழுசான்னா?"

"இறந்தவர் நீங்கதான்."

சின்னவன் திரும்பிப் பார்த்தான். பின்னால் யாரும் இல்லை.

"நான் நின்னுக்கிட்டு இருக்கேம்மா."

"உட்காருங்களேன். நாற்காலி இருக்கே."

"அதில்லம்மா. எனக்கு உசிரு இருக்கு."

"உசிரு இருக்கா இல்லையாங்கறது மருத்துவப் பிரிவு சார். நாங்க அடையாளம் மட்டும்தான்." குரலில் கோபமே இல்லை. பழகிய கனிவு. "கீழ இருக்கற உடல் யாருதுன்னு கேட்டீங்க. பதிவுல உங்க பேர்ல இருக்கற மரபணுவும் அதுவும் ஒண்ணுன்னு வந்திருக்கு. அப்ப அந்த உடல் உங்களுது."

"அவன் என்கூடப் பொறந்த ரெட்டைம்மா! ஒரே மாதிரி இருப்போம்."

அவள் நம்பினாள். அதுதான் கொடுமை. அவனைப் பார்த்தாள், பட்டறை கொடுத்த பெரியவனின் படத்தைப் பார்த்தாள், "ஆமா, அப்படியேதான் இருக்கீங்க" என்றாள். பிறகு திரையை அவன் பக்கம் திருப்பினாள். அப்பா, அம்மா, பிள்ளை, உடன்பிறப்பு, சம்பந்தம் இல்லை, அவரே. வரிசையாக ஆறு பொத்தான்கள்.

"இதுல ரெட்டைக்குப் பொத்தான் இல்லையே சார். நான் எதை அழுத்த?"

"உடன்பிறப்பை அழுத்தேன் தாயி."

"நாங்க அழுத்தக் கூடாது. அது தானா அழுத்திக்கும். நாங்க பார்க்கறது மட்டும்தான்."

மேல்முறையீட்டுக்கு மாடியில் நிரல்காரர் என்று ஒருவர் இருந்தார். மீசை சரியாக முளைக்காத பையன் மாதிரி இருந்தார், அந்தக் கட்டடத்திலேயே அவருக்குத்தான் பெரிய நாற்காலி. கணினி அறைக்கு வெளியே சின்னவனின் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். தூசி ஆகாதாம். பிறகு சட்டையை உதறச் சொன்னார்கள். சிமெண்ட் பறந்ததைப் பார்த்துவிட்டு, வாசலிலேயே நின்று பேசச் சொன்னார்கள்.

"ரெட்டைப் பிறவியா?" நிரல்காரர் காதில் இருந்ததைக் கழற்றினார். முகத்தில் உண்மையான ஆர்வம் வந்தது. "ஓ! சுவாரசியமா இருக்கே. இது ஏன் வருதுன்னு எனக்குத் தெரியும்."

சின்னவனுக்குப் போன உயிர் வந்த மாதிரி இருந்தது. அவன் நிலைமைக்கு அது சரியான சொல்தான்.

"சிஸ்டத்துக்குப் பழக்கறதுக்காக லட்சக்கணக்கான ஜனங்களோட மாதிரியைக் கொடுத்தோம். அதுல நிறைய இடத்துல ஒரே மாதிரி ரெண்டு தடவை வந்துது. யாரோ கவனக்குறைவா ஒரே ஆளை ரெண்டு முறை ஏத்திட்டாங்கன்னு நெனச்சு ஒண்ணை வெச்சுக்கிட்டு ஒண்ணை அழிச்சுட்டோம். சுத்தம் பண்றதுன்னு சொல்வோம்."

"அப்ப ஊர்ல இருக்கற ரெட்டைங்கள்லாம்?"

"பாதி இருக்காங்க" என்றார் அவர். "சிஸ்டத்தைப் பொறுத்தவரைக்கும் ரெட்டைங்கற விஷயமே உலகத்துல கிடையாது. ரெண்டு பேருக்கு ஒரே மரபணு இருந்தா அது ஒரே ஆள்."

"அது தப்புன்னு உங்களுக்கே தெரியுதுல்ல சார்?"

"எனக்குத் தெரியும்."

"அப்ப மாத்திடுங்க."

நிரல்காரர் நாற்காலியை ஒரு சுற்று சுற்றினார். "மாத்தினா, முன்னாடி தப்பா இருந்துதுன்னு ஆகிடும். முன்னாடி தப்புன்னா இதுவரைக்கும் இது சொல்லி உள்ள போனவங்க எல்லாரும் வெளிய வரணும்னு கேப்பாங்க. வக்கீலுங்க சும்மா இருப்பாங்களா? உங்க ஒருத்தருக்காக ஜெயிலைத் திறந்துவிட முடியுமா, நீங்களே சொல்லுங்க."

சின்னவன் யோசித்தான். யோசிக்க அதில் ஒன்றுமில்லை. ஆனாலும் படித்தவர் கேட்டுவிட்டாரே என்று யோசித்தான்.

"வேணும்னா இன்னொரு தடவை சோதிக்கச் சொல்றேன்" என்றார் நிரல்காரர்.

இன்னொரு தடவை சோதித்தார்கள். பொருத்தம் இன்னும் உறுதியாக வந்தது. சந்தேகத்துக்கு இடமின்றி இருக்கட்டும் என்று மூன்றாம் தடவை ரத்தம் எடுத்தார்கள். இன்னும் உறுதியாயிற்று. ஒவ்வொரு முறை அவன் தான் உயிரோடு இருப்பதாக முறையிட்டபோதும், அவன் செத்துப்போனது எவ்வளவு உறுதி என்று காட்டும் எண்ணில் பூஜ்யங்கள் கூடின. கடைசியில் அந்த எண் தாளின் அகலத்துக்குள் அடங்காமல் அடுத்த வரிக்கு இறங்கியது. கீழே கைதட்டித் தட்டிப் பெருக்குகிற பெண்ணுக்குக் கை சிவந்துபோயிற்று.

"யோவ், நீ இனிமே மேல்முறையீடு பண்ணாத" என்றாள் அவள். "எங்களுக்கு வேலை ஓடல."

அந்த வாரத்திலேயே செய்தி எங்கெல்லாம் போக வேண்டுமோ அங்கெல்லாம் தானாகப் போய்ச் சேர்ந்தது. கிடங்கு வாசலில் இருந்த கருவியில் சின்னவன் விரலை வைத்தான். கதவு திறக்கவில்லை. மேஸ்திரி வந்து எட்டிப் பார்த்தார்.

"உன் பேருக்கு நேரா ஒரு பூ படம் வருதுடா. என்னது இது?"

"செத்துட்டேன்னு எழுதியிருக்காங்க மேஸ்திரி."

"எப்போ?"

"கொதிகலன் வெடிச்சப்ப."

"அடப்பாவி, அதுக்கப்புறம்தானேடா ஒரு லாரி லோடு நீயே இறக்கின!" மேஸ்திரி தலையைச் சொறிந்தார். நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் தலையைச் சொறிவதோடு நிறுத்திக்கொள்வார்கள். "இருந்தாலும் செத்தவனை வெச்சு மூட்டை ஏத்த முடியாது பாரு. நீ பாட்டுக்கு மேலேருந்து விழுந்து செத்துகித்துப் போயிட்டா, யாரு பதில் சொல்றது?"

அண்ணி வீட்டுக்குச் சாயப் பட்டறையின் மேலாளரே நேரில் வந்தார். முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு வந்தவர், வாசலில் சின்னவனைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனார். பிறகு அவன் தம்பி என்று சொன்னதும், "அப்ப செத்தது நீங்கதானா? ரொம்ப வருத்தமா இருக்கு" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அண்ணியிடம் திரும்பினார்.

"உங்களுக்கு ஒரு விதத்துல நல்ல சேதிம்மா. உங்க வீட்டுக்காரர் சாகல. நிலையத்துலயே சொல்லிட்டாங்க. செத்தது வெளியாளு. அப்படின்னா கொதிகலன்கிட்ட நின்னவர் எங்க போனாரு? வெடிக்க விட்டுட்டு ஓடிப்போயிட்டாரு. போலீஸ்ல எழுதிக் கொடுத்திருக்கோம். தலைமறைவு."

"கொதிகலன் ஒழுகுதுன்னு அவர் எத்தனை தடவை உங்ககிட்ட வந்து சொன்னாரு?" என்றாள் அண்ணி.

"சொன்னாரு. அதைத்தான் நாங்களும் எழுதிக் கொடுத்திருக்கோம். அவருக்கு முன்கூட்டியே தெரிஞ்சிருக்கு பாருங்க."

அவர் போன பிறகு அண்ணி, "ஐஸ் இன்னைக்கு வெச்சாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை நிலையத்தின் ஆண்டு விழா. சின்னவனுக்கு அழைப்பு வந்தது. இயக்குநர் நேரில் பார்க்க விரும்புகிறார், விழா முடிந்ததும் உடலைப் பற்றிப் பேசலாம் என்றார்கள். முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். நாற்காலியின் முதுகில் 'சிறப்புப் பொருத்தம்' என்று ஒட்டியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதிகாரியின் மனைவி, அவன் யார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, தன் கைப்பையை மறுபக்கம் மாற்றி வைத்துக்கொண்டாள்.

இயக்குநர் மேடையேறினார். குண்டாக, சுத்தமாக, நிம்மதியாக இருந்தார்.

"முன்பெல்லாம் இந்த ஆய்வகத்தில் ஒரு பெரிய கூட்டமே குனிந்து உட்கார்ந்து மாதிரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர்களுக்கு முதுகு வலித்தது. விடுப்பு எடுத்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர்களுக்குச் சந்தேகம் வந்தது. ஒருவர் ஆம் என்பார், இன்னொருவர் இருக்கலாம் என்பார், மூன்றாமவர் தெரியவில்லை என்பார். தெரியவில்லை! மக்கள் வரிப்பணத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு, தெரியவில்லை! நான் பொறுப்பேற்றதும் முதல் காரியமாகத் தெரியவில்லை என்று சொன்னவர்களை அனுப்பினேன். அடுத்து இருக்கலாம் என்றவர்களை. கணினி வந்ததும் ஆம் என்றவர்களும் தேவைப்படவில்லை. இன்று இந்த நிலையத்தில் சந்தேகம் என்பதே கிடையாது. ஏனென்றால் சந்தேகப்படுகிற பதவியே கிடையாது."

கைதட்டல்.

"பிழைகளைக் கண்டுபிடிக்க ஒரு தனிப் பிரிவு இருந்தது. அந்தப் பிரிவு இருந்த காலத்தில் மாதந்தோறும் பிழைகள் வந்துகொண்டே இருந்தன. அந்தப் பிரிவை மூடினோம். அன்று முதல் இன்று வரை ஒரு பிழைகூடக் கண்டுபிடிக்கப்படவில்லை. இதைவிடச் சாதனை வேண்டுமா?"

பெரிய கைதட்டல்.

"இந்த ஆண்டின் மிக உயர்ந்த பொருத்தம் நம்மிடையே அமர்ந்திருக்கிறார். நாம் சோதித்த உடல்களில் எதுவும் இவ்வளவு துல்லியமாகத் தன்னோடு ஒத்துப்போனதில்லை. அந்த அன்பர் நேரில் வந்து தான் இறக்கவில்லை என்று பலமுறை வாதாடியிருக்கிறார். கணினி அசையவில்லை. மனிதன் இருந்திருந்தால் இளகியிருப்பான். ஆளைப் பார்த்து, குரலைக் கேட்டு, ஏமாந்திருப்பான். நமது கணினிக்குக் கண் இல்லை, காது இல்லை. அதுவே அதன் நேர்மை. அன்பரே, எழுந்து நில்லுங்கள்!"

சின்னவன் எழுந்து நின்றான். படம் எடுத்தார்கள். கழுத்தில் ஒரு மாலை விழுந்தது. செத்தவனுக்கு மாலை போடுவதில் தவறொன்றும் இல்லை என்பதால் அவன் அதைக் கழற்றவில்லை.

விழா முடிந்ததும் இயக்குநரின் அறைக்குப் போனான். மாலையைக் கழற்றி எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

"ஐயா, ஞாயித்துக்கிழமை அண்ணனை உலையில போட்டுருவாங்களாம். அவனை மட்டும் குடுத்துடுங்க. வேற எதுவும் கேக்கல."

"யார் அண்ணன்? உங்க அண்ணன் இங்க இல்லையே. அவர் தலைமறைவு." இயக்குநர் சிரித்தார். உதவ வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு மெய்யாகவே இருந்தது. "ஏங்க இவ்வளவு சிரமப்படறீங்க? அடையாளம் தெரியாத உடலுக்குத்தான் ரத்த சொந்தம் வேணும். இது அடையாளம் தெரிஞ்ச உடல். உங்க உடல். உங்க மனைவி வந்து, இறந்தது என் கணவர்னு ஒரு கையெழுத்து போட்டா உடனே கொடுத்துருவாங்க. நீங்க இறந்ததை ஒத்துக்கிட்டா போதும். பிடிவாதம் பிடிக்கறது நீங்கதான்."

வீட்டில் சின்னவனின் பெண்டாட்டி இதைக் கேட்டுவிட்டுச் சோற்றுத் தட்டை நகர்த்தி வைத்தாள். அண்ணியும் அங்கேதான் இருந்தாள்.

"அப்ப நான் தாலி அறுத்தவள்னு கையெழுத்து போடணும். அவ்வளவுதானே?"

"வேணாம்மா" என்றாள் அண்ணி பதறி. "கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கற ஆளைச் செத்துட்டார்னு எழுதிக் கொடுக்கறதா? என் பாவம் என்னோட போகட்டும்."

"எழுதிக் கொடுத்தா செத்துடுவாரா அக்கா? அவ்வளவு பெரிய மெஷினு சொல்லியே சாகல, என் கையெழுத்துக்கா சாகப்போறாரு? ரெண்டு தடவை சாப்பாடு கேக்கற ஆளு இது."

"அதுக்கில்ல" என்றான் சின்னவன். அதுவரை அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நான் செத்தேன்னு எழுதினா, அண்ணன் ஓடிப்போனவன்னு ஆயிடும். கரி அள்ளியே செத்தவன். அவன் தலையில அந்தப் பட்டறைக்காரன் கொலையைக் கட்டிடுவான். நாமளே அதுக்குக் கையெழுத்து போட்ட மாதிரி ஆயிடும். என் கையால அதைச் செய்யச் சொல்றியா?"

"உன் கையால இல்ல. என் கையால."

"ரெண்டும் ஒண்ணுதான்."

அண்ணிதான் முடித்து வைத்தாள்.

"அவரைப் பத்தி ஊர் என்ன எழுதினாலும் எழுதிக்கட்டும். அவர் யாருன்னு எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். பட்டறைக்காரனுக்கும் தெரியும், அதான் ஓடி ஓடி எழுதறான். அதை அப்புறம் பார்த்துக்கலாம், நான் இருக்கேன்ல. ஆனா இன்னொரு தடவை நெருப்பு மட்டும் வேணாம். நாளைக்குப் போய் வாங்கிடுங்க."

சனிக்கிழமை காலை மூவரும் போனார்கள். கவுண்டர் பெண் சின்னவனின் பெண்டாட்டியைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். திரையில் வந்த வரியை அதற்குரிய மெல்லிய குரலில் படித்தாள். "தங்கள் கணவரின் மறைவால் வாடும் தங்களுக்கு நிலையத்தின் ஆழ்ந்த அனுதாபங்கள்."

"தாங்க்ஸ்மா" என்றான் சின்னவன், பழக்கத்தில்.

"சார், நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க. இறந்தவர் முன்னாடி கையெழுத்து வாங்கக் கூடாது, வற்புறுத்தலா ஆயிடும்."

அவன் தள்ளி நின்றான். அவன் பெண்டாட்டி பேனாவைப் பிடித்தாள். என்னதான் வாய் பேசினாலும், பெயரில் பாதி எழுதும்போது அவள் கை நின்றுவிட்டது. திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் தலையை ஆட்டினான். மீதியை எழுதினாள். மணி அடித்தது. பச்சை விளக்கு எரிந்தது. எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள்.

ஐஸ்காரர் மட்டும் தட்டவில்லை. கீழே உடலைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். "வெய்ட்டு பார்த்துத் தூக்குங்க. ஐஸ்தண்ணி ஊறியிருக்கு" என்றார். அண்ணி காலருகே குனிந்து, துணியை விலக்கி, நகமில்லாத விரலை ஒருதரம் தொட்டுப் பார்த்துவிட்டு மூடினாள். அவளை யாரும் தடுக்கவில்லை. பதிவின்படி அவள் யாருடைய பெண்டாட்டியாகவும் அங்கே வரவில்லை. தெருக்காரி, அவ்வளவுதான்.

இடுகாடு சாயப் பட்டறையின் மதில்சுவருக்குப் பின்னால் இருந்தது. குழி வெட்டுகிறவர் வெட்டி வைத்திருந்தார். கிடங்கிலிருந்து சிலர் வந்திருந்தார்கள். பட்டறையிலிருந்து யாரும் வரவில்லை, வரக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். இறக்கினார்கள். அண்ணி முதல் பிடி மண்ணைப் போட்டாள். சின்னவன் மண்வெட்டியை வாங்கித் தள்ள ஆரம்பித்தான். மூட்டை தூக்குகிற தோள். மண் வேகமாக இறங்கியது.

பாதி மூடியபோது ஒரு காவலர் வந்தார். மேலெல்லாம் வியர்வை. கையில் ஒரு படம். படத்தைப் பார்த்தார், சின்னவனைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அட, நீ இங்கயா இருக்க! கொதிகலன்ல வேலை செஞ்ச ஆளுதானே? நீ தலைமறைவா இருக்கன்னு ஊரெல்லாம் தேடறோம். இடுகாட்டுல வந்து குழி மூடிக்கிட்டு இருக்க?"

சின்னவன் மண்வெட்டியைக் கீழே வைத்தான். நான் அவன் இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். அப்படியானால் நீ யார் என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு அவனிடம் செல்லுபடியாகும் பதில் எதுவும் இல்லை.

"அவரை விடுங்க சார்" என்றாள் அண்ணி. "அவரு செத்துட்டாரு."

"யாரு?"

"அவருதான். இதோ நிக்கறாரே."

சின்னவனின் பெண்டாட்டி நிலையம் கொடுத்த தாளை நீட்டினாள். காவலர் வாங்கினார். அதிலும் ஒரு படம். அதே முகம். அடியில் பூஜ்யங்கள் இரண்டு வரிக்கு ஓடின. அதற்கும் அடியில் நிலையத்தின் முத்திரை. முத்திரையைப் பார்த்ததும் அவர் குரல் இறங்கிவிட்டது.

"இது மெஷின் குடுத்ததா?"

"ஆமா சார்" என்றாள் அவள்.

"இது தப்பே பண்ணாதுன்னு எங்களுக்கு வகுப்பு எடுத்தாங்களே."

"எங்களுக்கும் கைதட்டிச் சொன்னாங்க."

காவலர் குழிக்குள் எட்டிப் பார்த்தார். "அப்ப இந்த உள்ள இருக்கறது?"

"அதுவும் இவருதான்னு போட்டிருக்கு பாருங்க."

"அப்ப ஆளு உள்ளயும் இருக்காரு, வெளியவும் இருக்காரா?"

"கம்ப்யூட்டர் அப்படித்தான் சொல்லுது. ஏன் சார்?" அண்ணி அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். "உங்களுக்கு ஏதாவது சந்தேகமா?"

காவலர் இரண்டு கைகளையும் தூக்கிவிட்டார். "ஐயையோ, நான் எங்கம்மா சந்தேகப்பட்டேன்? எனக்குப் பொண்டாட்டி பிள்ளைங்க இருக்கு." தாளை மடித்து, மடிப்பு கலையாமல் திருப்பிக் கொடுத்தார். தொப்பியைக் கழற்றினார். போய்விடுவதா, நிற்பதா என்று தெரியாமல் கூட்டத்தோடு கூட்டமாக ஒதுங்கி நின்றுகொண்டார்.

"மூடுப்பா" என்றாள் அண்ணி.

செத்தவன் மண்வெட்டியை எடுத்தான். குழி இன்னும் பாதி இருந்தது.